ஃபவுல் போடும் ஆள்

"எம்மெட் கில்டே! ஃபவுல் போட வாப்பா!" நடுவர் மூன்றாவது தடவையாகக் கத்தினார்.

தீவனக் கடை மாடியில் எண்பது பேர் நிற்கலாம். அன்றைக்கு எண்ணூறு பேர் நின்றார்கள். ஒருவன் மூச்சை இழுக்க வேண்டுமென்றால் பக்கத்துக்காரன் விட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அத்தனை பேரும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

கீழே ஓட்ஸ் மூட்டைகளுக்கிடையே எலி ஓடுவது மாடிக்குக் கேட்டது.

இருபதுக்கு இருபது. 1905ஆம் வருடக் கூடைப்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசிப் பத்து வினாடி. எதிரணியின் ஃபவுலுக்கு ஈடாகக் கிடைத்த இந்த ஒரு பந்து கூடையில் விழுந்தால் ஹார்லோ கல்லூரியை ஜெயித்துவிடலாம். ஹார்லோக்காரர்கள் ரயிலைவிட்டு இறங்கினாலே ஊர் நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அப்படிப் பதினோரு வருடத் தோல்வி.

பந்து நடுவரின் அக்குளில் இருந்தது. கேப்டன் ஓரின் அவருக்கு எதிரே நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

எம்மெட் கில்டே போட்டு விழாத ஃபவுல் கிடையாது. டிசம்பரில் ஒன்றே ஒன்று தவறியது, அதுவும் கூடைக்குள் புறா உட்கார்ந்திருந்ததால். அந்தப் புறா வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்வி.

அந்த எம்மெட் தேவாலயத்துக்குப் பின்னால் பனிக்கடியில் படுத்து ஏழு வாரம் ஆகிறது. மண் கல்லாய் இறுகிக் கிடந்ததில் குழி தோண்டவே மூன்று நாள் ஆயிற்று.

ஜனவரியில் வெளியூர் ஆட்டம் முடிந்து திறந்த பனிவண்டியில் பதினாறு மைல் திரும்பினார்கள். எம்மெட்டுக்குக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. ஊருக்கு அப்படித்தான் தெரியும். எம்மெட்டின் அம்மாவிடம், அவள் சமையலறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரின் சொன்னதும் அதுதான்.

யார்மீது ஃபவுல் நடந்தாலும் அணிக்கு ஒருவன்தான் போடுவான். ஆட்டத்துக்கு முன் அவன் பெயரைக் கேப்டன் நடுவரிடம் சொல்ல வேண்டும். ஓரின் வாயில் மூன்று வருடமாக ஒரே பெயர். எம்மெட் போன பிறகும் ஆறு ஆட்டத்தில் அதே பெயரைத்தான் சொன்னான். சொன்னது அவனுக்கே தெரியாது. நடுவராக வரும் உள்ளூர் முடிதிருத்துகிறவர் நல்ல மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே, எம்மெட் இடத்தில் ஆடும் அவன் தம்பி ஆல்வாவின் பெயரை எழுதிக்கொள்வார்.

இன்றைக்கு அவருக்குப் பல்வலி. மத்தியான ரயிலில் வந்த இந்தப் புது நடுவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். இந்த ஆட்டத்தில் ஓரின் அணிக்குக் கிடைத்த முதல் ஃபவுலே இதுதான். வீட்டில் மனைவி சூப்பைச் சத்தமாக உறிஞ்சினால்கூட விசில் ஊதுகிற ரகம்.

"என்னடா ஓரின், உங்காளு கக்கூசுக்குப் போய் அங்கேயே உறைஞ்சுட்டானா?" ஹார்லோ கேப்டன் ராஸ்கோ இளித்தான்.

அவன் ஆள் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னான். ராஸ்கோவின் முகம் வெளுத்தது.

"சார்... யார் வேணா போடட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

"உன்னைக் கேட்டேனா? பேர் குடுத்தவன் ஆட்டத்தை விட்டுப் போறான்னா, ஏன் போறான்னு அவன் கேப்டன் வாயால சொல்லணும். நான் எழுதணும். இல்லேன்னா இந்த ஃபவுல் செல்லாது."

 

"ஒரே வார்த்தைடா ஓரின்," ஆல்வா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பந்துக்காகக் கையை நீட்டியபடியே நின்றான். "சொல்லிடு. நான் போட்டுக்கறேன்."

ஓரின் ஃபவுல் கோட்டைப் பார்த்தான். சுண்ணாம்புக் கோடு, வெறும் பலகை. ஆனால் இரண்டு அணி ஆட்களும், யாரும் சொல்லாமலே, அந்த இடத்தில் ஒருவன் நின்று கையை வீசும் அளவுக்கு விலகி நின்றிருந்தார்கள்.

ஓரின் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக்கு முடியல சார்," என்றான். "உடம்பு அனலாக் கொதிக்குது. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு கேக்கறான்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி 'ஏசுவே' என்றாள்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" நடுவர் அட்டையில் ஒரு கோடு கிழித்தார். தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. "தாராளமா உக்காரச் சொல்லுப்பா."

பந்தை ஆல்வாவிடம் போட்டார்.

அது அவன் விரலில் பட்டு, தரையில் விழுந்து, கணப்பு அடுப்பின் பக்கம் உருண்டு போயிற்று. ஆல்வா குனியவில்லை. ஓரினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரியில், ஆட்டத்தின் இடைவேளையில், எம்மெட் கேட்டதும் இதையேதான். ஓரின் ஒருவனிடம்தான் கேட்டான்.

"இன்னும் இருபது நிமிஷம்தானேடா," என்றிருந்தான் ஓரின். "ஃபவுல் போட வேற ஆள் இல்ல."