ஏழாம் தளத்தின் ஃப்யூஸ்

விண்கலத்தின் தளங்களுக்கு மின்சாரம் பிரித்துவிடுவது அந்த வயர்மேனின் வேலை. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மேல்தளத்து அதிகாரி. சுவர் வெடித்துக் காற்றெல்லாம் வெளியேறிய ஏழாம் தளத்துக்குச் சீல் வைத்துப் பல வருடங்களாகின்றன. ஆனாலும் அது தன் பங்கை முழுதாக இழுத்துக்கொண்டிருந்தது. சமையல் வேளைகளில் கொஞ்சம் கூடுதலாகவே.

“ஆளே இல்லாத இடத்துக்கு எதுக்கு சார் கரண்ட்?” என்று கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“ஆளில்லாத இடம் எப்படிய்யா இழுக்கும்? போய் மீட்டரை மாத்து.”

மீட்டரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

கீழ்த்தளத்திலிருந்து மகள் போன் செய்தாள். “ஹீட்டர் மறுபடி நின்னுபோச்சுப்பா. பிள்ளை நடுங்குறான்.”

அவர் யாரையும் கேட்கவில்லை. ஏழாம் தளத்தின் ஃப்யூஸைப் பிடுங்கி, அதன் பங்கைக் கீழ்த்தளத்துக்குத் திருப்பிவிட்டார்.

“வந்துடுச்சுப்பா,” என்றாள் மகள். “இப்பதான் கண்ணை மூடுறான்.”

வைத்த போன் உடனே மறுபடி அடித்தது.

“அண்ணே, ஏழாம் தளத்துலேருந்து பேசறேன். கரண்ட் போயிடுச்சு. கைக்குழந்தை இருக்கு.”

ஃப்யூஸ் அவர் கையில் இன்னும் சூடாக இருந்தது. “அங்கே யாரும் இல்லையேம்மா.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க,” என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். “கரண்ட் எப்பண்ணே வரும்?”