போகலாம்னு வந்த மெசேஜ்

"புருஷன் மௌத்தாகி இத்தாவுல வீட்டோட இருக்கவேண்டிய பொம்பள, இத்தனை ஆம்பளைக கூடியிருக்கிற எடத்துக்கு வரலாமா?"

வெள்ளைத் துப்பட்டியோட நூர் நிஷா உள்ள வந்ததும் மீனவர் சங்கத்து ஆபீஸ்ல இதுதான் முணுமுணுப்பு. புருஷன் முஹைதீனை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகலை. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

கூட்டத்துக்கு நடுவுல தலைகுனிஞ்சு நின்னது கோகிலா. அபிராமத்துப் பொண்ணு. தினம் விடியக்காலையில காத்து வேகத்தைப் பாத்து, 'கடலுக்குப் போகலாம்', இல்லைன்னா 'போகாதீங்க'ன்னு படகுக்காரங்களுக்கு மெசேஜ் அனுப்புற கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் அவ எழுதினது. முஹைதீன் கடல்ல மூழ்கிச் செத்த அன்னிக்குச் சூறைக்காத்து. மெசேஜ் என்னவோ 'போகலாம்'னுதான் வந்துச்சு.

"இவளைப் போலீஸ்ல குடுக்காம விடமாட்டேன்!" முஹைதீனோட தங்கச்சி சஃபா கத்தினா. "எங்க காக்கா உசுரை எடுத்துட்டா!"

சங்கத் தலைவர் சதக் கையமர்த்தினாரு. "என்னதாம்மா ஆச்சு? புரியிற மாதிரி சொல்லு."

"பழைய கம்ப்யூட்டர் உப்புக்காத்துல வீணாப்போச்சுன்னு புதுசு வாங்கினோம்ல அண்ணே... நாம எழுதுற கட்டளையை வாசிச்சு நடத்துறதுக்கு ஷெல்னு ஒண்ணு உள்ள இருக்கும். பழசுல இருந்தது பாஷ். புதுசுல வேற ஷெல். 'காத்து அதிகமா?'ன்னு கேக்குற வரியை நான் பாஷுக்குப் புரியிற மாதிரி எழுதியிருந்தேன். புதுசுக்கு அது புரியல."

"புரியலைன்னா சும்மா கெடக்க வேண்டியதுதானே? போகலாம்னு ஏன் அனுப்பணும்?"

"புரியாத கேள்விக்கு அது 'இல்லை'ன்னு எடுத்துக்கும். காத்து இல்லைன்னா, போகலாம்னு அனுப்பிரும்."

"மாத்தினப்பவே சரிபாக்க வேண்டாமா தாயி?"

"பாத்தேன்ணே. அன்னிக்கு நெசமாவே காத்து இல்லை. போகலாம்னு வந்ததும் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன். பாஷ்லதான் ஓடணும்னு மொத வரியில போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது. தப்பு என்னுதுதான்."

யாருக்கும் இரக்கம் வரலை. ஏன் வரணும்? போனது உசுருல்ல!

"அவளே ஒத்துக்கிட்டா, கேட்டுட்டீகல்ல? உச்சிப்புளி ஸ்டேஷனுக்குப் போனைப் போடுங்க!" சஃபா குதிச்சா.

"நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிர்றேன்," நூர் நிஷா வாயைத் திறந்தா. "எங்க போனு அன்னிக்கு சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சு. மெசேஜை அவுகளும் பாக்கல, நானும் பாக்கல. அவுகளாத்தான் போனாக. இந்தப் புள்ள மேல எங்களுக்குப் புகார் இல்லை."

"அல்லாஹ்வோட நாட்டம்," சதக் எழுந்துட்டாரு. கட்டுனவளே வேணாங்கிறப்ப நமக்கென்னன்னு மத்தவங்களும் கலைஞ்சாங்க. கோகிலா சுவத்தோரமா உக்காந்து தேம்பினா. நூர் நிஷா திரும்பிக்கூடப் பாக்கலை.

வழி நெடுக சஃபா அண்ணன் பொண்டாட்டிகிட்ட பொரிஞ்சு தள்ளினா.

"போனு நல்லாத்தானே மச்சி இருந்துச்சு! அன்னிக்கு விடியக்காலையில சுபுஹுத் தொழுகை நேரத்துல நான் அடிச்சப்ப நீங்கதானே எடுத்தீக? எதுக்குப் பொய் சொன்னீக? அவ ஒங்களுக்கு என்ன சொந்தமா, பந்தமா?"

வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்தின பெறகுதான் நூர் நிஷா ஒடைஞ்சு அழுதா.

"அவளைப் போலீஸ்ல குடுக்கணும்னா, என்னைய எங்க கொண்டுபோய்க் குடுப்ப சஃபா? காத்து ஒரு மாதிரியா இருக்கு, இன்னிக்குப் போகலைன்னு போத்திக்கிட்டுப் படுத்தாக ஒங்க காக்கா. 'போகலாம்னு வந்திருக்கு பாருங்க'ன்னு வாசிச்சுக் காட்டி, நான்தான் எழுப்பிவிட்டேன்."