பச்சைப் பொட்டும் ஒரு ஜாடித் தண்ணீரும்

மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊர்த் தேவாலயக் கூடத்தில், சட்டமன்ற உறுப்பினர் டாலிவரின் முன்னுரிமைகள் மூன்று பலகைகளாக நிற்கின்றன: குடும்பம், நம்பிக்கை, எதிர்காலம். பிடித்த பலகையில் ஒட்டச் சொல்லி ஆளுக்கொரு பச்சைப் பொட்டு கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் உள்ள படத்தில் அவருடைய பல்வரிசை பளிச்சென்று இருக்கிறது. தண்ணீர் என்ற சொல்லைத்தான் காணோம். ஒடெசா தன் பொட்டைக் கையிலிருக்கும் கண்ணாடி ஜாடியில் ஒட்டி, அதை அவர் முன்னாலிருக்கும் மேசைமேல் ணங்கென்று வைக்கிறாள். காலையில் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர், சன்னல் வெயிலில் பழுப்பாக மின்னுகிறது. இதில் குளிப்பாட்டித்தான் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்கு முதுகெல்லாம் தடிப்பு. விருந்தாளிக்கு ஜாடியில் இனிப்புத் தேநீர் கொடுக்கிற ஊர் அது. “அடடே, ஐஸ் டீ!” டாலிவர் ஜாடியைத் தூக்கிப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார். “சர்க்கரையைத் தாராளமா போட்டிருப்பீங்களே, சிஸ்டர்?” ஜாடியை வாய்க்குக் கொண்டுபோகிறார். “சொல்லித் தொலைடி,” பக்கத்து வீட்டு வெர்னா அவள் முழங்கையைக் கிள்ளுகிறாள். ஒடெசா அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூணு வருஷமா சொல்லிக்கிட்டுத்தானடி இருக்கேன்.”