ஒரு பை போதும்

"என்னய்யா இது? காய் வாங்கவா கிளம்பி வந்திருக்கீங்க?"

ரயிலை விட்டு இறங்கியதும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் வந்தது ஏசி கோச். ஸ்டோர் கீப்பர் வந்தது சாதாரண கோச். அதனால் பிளாட்பாரத்தில்தான் அந்தப் பை அவர் கண்ணில் பட்டது.

துணிக்கடையில் கொடுக்கிற கட்டைப் பை. ஒரு பக்கக் காது அறுந்துபோய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"ரெண்டு நாள்தானே சார். ஒரு சட்டை, ஒரு பேன்ட், அவங்களுக்குக் காட்டப்போற வால்வு. இதுவே போதும்."

"போதுமா? நாம பார்க்கப்போறது எவ்வளவு பெரிய கம்பெனி தெரியுமா? இந்த ஆர்டர் கிடைச்சா மூணு வருஷத்துக்கு நமக்குக் கவலையே இல்லை. அவங்க முன்னாடி இந்தப் பையோட போய் நின்னா மானம் போகாது?"

மேனேஜருக்கு மானம் கொஞ்சம் அதிகம். எந்த நேரமும் மடிப்புக் கலையாத சட்டையில் நடப்பதால் தொழிற்சாலையில் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். அது அவருக்கு மட்டும் தெரியாது.

"லைட்டா வர்றதுன்னா எப்படின்னு இதைப் பார்த்துக் கத்துக்கங்க." தன் சக்கரப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். கருநீல நிறம், நம்பர் பூட்டு. "சின்னதுதான். ஆனா பார்த்தாலே ஒரு மரியாதை வருதா இல்லையா?"

"நல்ல பெட்டி சார்."

"அப்புறம் என்ன? ஒரு பெட்டி வாங்குறதுல கூடவா கஞ்சத்தனம்?"

ஸ்டோர் கீப்பர் தலையைச் சொறிந்தார். "வாங்கலாம் சார்."

லாட்ஜ் வாசலில் மேனேஜர் நின்று திரும்பினார். "நான் முன்னாடி போய் ரூம் சாவி வாங்குறேன். நீங்க அந்தப் பையோட கொஞ்சம் தள்ளியே வாங்க."

ஸ்டோர் கீப்பர் தள்ளியே வந்தார்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கே சார், இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

"ஆள் சாமான் எடுத்துட்டு வர்றான்" என்றார் மேனேஜர். அது ஸ்டோர் கீப்பர் காதிலும் விழுந்தது.

மாடிப்படி வந்ததும் மட்டும் ஸ்டோர் கீப்பர் ஓடிவந்து பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். "படியில இழுக்காதீங்க சார். இடது சக்கரம் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும்."

மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறைக்குள் போன பிறகுதான் வந்தது வினை. பெட்டி திறக்க மாட்டேன் என்றது.

எங்கே போனாலும் அவருக்குப் பெட்டி அடுக்குவது மனைவிதான். இந்த முறை அடுக்கிப் பூட்டியவள் நம்பரைச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் டீச்சர். வகுப்பில் இருந்தால் போனை அணைத்துவிடுவாள்.

கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார். மகன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார். வீட்டு நம்பரையும் விடவில்லை. நல்ல சட்டை, கோட்டு, காட்ட வேண்டிய பேப்பர்கள், எல்லாம் உள்ளே. போட்டிருந்த சட்டையிலோ ரயில் காபி. பதினோரு மணிக்கு மீட்டிங். மணி பத்தாகிவிட்டது.

"பூட்டை உடைச்சிட வேண்டியதுதான்."

"ஐயோ, வேண்டாம் சார்!" ஸ்டோர் கீப்பர் பதறிவிட்டார். "நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள நான் பார்க்கிறேன்."

குளித்துவிட்டு வந்தால் பெட்டி 'பே' என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எப்படிய்யா?"

"சும்மா திருகிட்டே இருந்தேன் சார். திறந்துக்கிச்சு."

நிம்மதி வந்ததும் மேனேஜருக்கு நக்கலும் கூடவே வந்தது. "இந்தக் கையிலயா ஸ்டோர் சாவியைக் குடுத்து வச்சிருக்கோம்? இனிமே நாங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். ஸ்டோர் கீப்பர் சிரிக்கவில்லை. துண்டையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பள்ளி இடைவேளையில் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, நம்பர் சொல்ல மறந்துட்டேன். ஏழு, ஒண்ணு, நாலு."

"திறந்தாச்சு, திறந்தாச்சு. அது என்ன நம்பர்? நம்ம வீட்டுல யாருக்கும் பொருந்தலையே."

"ஏழாம் மாசம் பதினாலு. அவங்க பொண்ணு பிறந்த நாளாம்."

"எவங்க பொண்ணு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. அடுக்கும்போது நம்ம பெட்டி ஜிப்பு பிஞ்சுபோச்சு. இரவல்னு சொன்னா நீங்க வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்களேன்னு, புதுசா வாங்கினதுன்னு சொல்லிட்டேன். உங்க ஸ்டோர் கீப்பர் வீட்டுலதான் போய்க் கேட்டேன். அவங்ககிட்ட இருக்கிறதே இந்த ஒண்ணுதான். அவரு ஏற்கெனவே தன் துணியை அடுக்கி வச்சிருந்தாரு. நான் வேண்டாம்னு திரும்பிட்டேன். அவரு கேட்கல. எல்லாத்தையும் வெளியில எடுத்து வச்சிட்டு, 'எனக்கு ஒரு பை போதும் மேடம், சாருக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவாரு'ன்னு கையில குடுத்துட்டாரு. பாவங்க. அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

மேனேஜர் போனை வைத்தார். மடிப்புக் கலையாத சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிளாட்பாரத்தில் பேசியது, கவுண்டரில் சொன்னது, சாவி ஜோக்கு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. ஸ்டோர் கீப்பர் தலையைச் சீவிக்கொண்டு, கட்டைப் பையை எடுத்துக் கயிறு அவிழாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"நேரமாச்சு சார். நீங்க முன்னாடி போங்க, நான் பையோட தள்ளியே வர்றேன்."