கமலம் அக்காவின் பை

"ஸ்டிரைக்கு, ஜெயிலுன்னு ஊரே வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுக் கிடக்கு. இப்பவும் பிடியரிசிக்குப் பையைத் தூக்கிட்டு வந்துட்டா பாரு" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்.

எலிசபெத் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையின் அந்த முனையில் கமலம் அக்கா ஒரு வீட்டிலிருந்து இறங்கி அடுத்த வீட்டில் ஏறினாள். தோளில் வெள்ளைத் துணிப்பை. கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"எவ்வளவு வாரிட்டா, பார்த்தியா? இவ வீட்டுக்காரருக்கென்ன, தார்நாகாவுல ஆராய்ச்சிக்கூட உத்தியோகம். நம்ம கஷ்டம் எங்க தெரியப்போகுது?"

"விடுங்கக்கா. ஆண்டவருக்கு வச்சது."

"ஆண்டவர் வந்து பசிக்குதுன்னு கேட்டாரா? எங்க வீட்ல நேத்திலிருந்து அடுப்புல பூனை தூங்குது."

எலிசபெத் சிரித்து வைத்தாள். கண் அடுப்படிப் பக்கம் போனது.

தமிழ்ச் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கமலம் அக்கா வந்து வாங்கிப் போவாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. அதனால் வீட்டுக்காரி வாசலிலேயே நிற்க, அக்கா மட்டும் அடுப்படிக்குப் போய்ப் பானையைப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டு வருவாள். அதுதான் வழக்கம்.

எலிசபெத்தின் பானையில் இப்போது கவிழ்க்க ஒன்றுமில்லை. காலையில்தான் அதைச் சுரண்டிக் குழந்தை பட்டுவுக்குக் கஞ்சி வைத்தாள்.

"ஆண்டவரே, உமக்கு வச்சதைத்தான் எடுக்கிறேன். பிள்ளைக்குத்தான் எடுக்கிறேன். கோவிச்சுக்காதேயும்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். அந்தக் கஞ்சியையும் பட்டு, "நக்கோ, அன்னம் காவாலி" என்று தெருப்பிள்ளைகளின் பாஷையில் சோறுதான் வேண்டுமென்று தள்ளிவிட்டது. ஆறிய பிறகு பசி தாங்காமல் குடித்தது.

ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கமலம் அக்கா?

ஸ்டிரைக்கில் பிடிபட்டுப் போலீஸ் வேனில் ஏறும்போது அவள் கணவன் ஜேம்ஸ் ஒன்றுதான் சொன்னான். "யார்கிட்டயும் கை நீட்டாத. ஆண்டவர் பார்த்துக்குவார்." அந்தத் தெம்பில், போன ஞாயிறு மாதர் சங்கத்தில் கமலம் அக்கா, "வீட்ல எல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டபோது, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லக்கா" என்று எல்லார் முன்னாலும் நிமிர்ந்து சொல்லியிருந்தாள். சங்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கு வெறும் பானையைப் பார்த்துவிட்டால் அந்த நிமிர்வு என்ன ஆகும்?

கமலம் அக்கா ராஜம் வீட்டை முடித்துக்கொண்டு கடைசி வீடான எலிசபெத் வீட்டுக்கு வந்தாள்.

"தார்நாகா பக்கத்துச் சபை வீடுங்களை முடிச்சிட்டு ஒரே மூச்சா வாரேன். குடிக்கத் தண்ணி குடு, எலிசபெத்து."

குடித்துவிட்டு, பையோடு நேராக அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அக்கா, இந்த வாரம் வேண்டாமே."

"ஏன்?"

"அடுப்படியை இப்பத்தான் கழுவி விட்டேன். ஈரமா கிடக்கு."

"நான் என்ன சறுக்கியா விழப்போறேன்? நீ வாசல்ல நில்லு."

எலிசபெத் நின்றாள். உள்ளே பானை மூடியை எடுக்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா வெளியே வந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆண்டவருக்கு வச்சதுல உன் வீட்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று எலிசபெத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. கண்ணை மூடு, ஜெபம் பண்ணுவோம். ஆண்டவரே, வேலையை விட்டு வந்தவங்க வேலைக்குத் திரும்பணும், உள்ள போனவங்க வீட்டுக்குத் திரும்பணும். ஆமென்." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாள்.

எலிசபெத் அடுப்படிக்கு ஓடினாள். பானை மூடி சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது.

எடுத்துப் பார்த்தாள். விளிம்பு வரை அரிசி.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பானையைச் சட்டியில் கவிழ்த்தாள். முதல் பிடியை எடுத்து மறுபடி பானையில் போட்டாள். மீதியில் உலைக்கு வேண்டியதைக் களைந்து வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எலிசபெத்து" என்று ராஜம் வாசலில் கூப்பிட்டாள். "போயிட்டாளா மகராசி? உன் வீட்லயும் வழிச்சு எடுத்துக்கிட்டாளா?"

அக்காவை வைகிறாளே என்று எலிசபெத்துக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் தன் வெறும் பானையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஆமாக்கா. ஒரு மணி அரிசி விடல."

"எங்க வீட்லயும்தான். அடிப்பானையைத் தட்டி எடுத்துட்டுப் போயிட்டா. நெஞ்சுல ஈரமே கிடையாது அவளுக்கு" என்ற ராஜம், சட்டென்று முகர்ந்து பார்த்தாள். "ஐயோ, என் உலை பொங்குது" என்று உள்ளே ஓடினாள்.

எலிசபெத் தெருவைப் பார்த்தாள். கமலம் அக்கா வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை வீட்டுப் புகைபோக்கியிலும் புகை வந்துகொண்டிருந்தது.