தூங்காமல் தூக்குகிறவள்

காலை வெயில் ஜிம்மின் கண்ணாடி வழியே இறங்கி இரும்புத் தட்டுகளின் மேல் வழிகிறது. சுவரோரம் கூடைத் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்துபோட்டு அசந்து தூங்குகிறது. இரவெல்லாம் வீட்டை இரண்டாக்கிய அதே குழந்தைதான். அதன் அம்மா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு குனிந்து கம்பியைப் பிடிக்கிறாள். போன வாரம் சொன்னபடி கேட்ட கம்பி, இன்று முழங்கால் வரை வந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. பல்லைக் கடித்துச் சத்தமில்லாமல் அதை இறக்குகிறாள். மாஸ்டர் வந்து பார்க்கிறார். ஒரு பக்கம் இருபது கிலோத் தட்டு, மறுபக்கம் பதினைந்து. தூக்கக் கலக்கத்தில் மாற்றி மாட்டியிருக்கிறாள். “ராத்திரி தூங்கினியாம்மா?” “எங்க மாஸ்டர்? விடிய விடிய இவனைத் தூக்கிக்கிட்டுல்ல நடந்தேன்.” “தூங்காம தூக்கினா இப்படித்தான். இன்னைக்குக் குறைச்சுக்கலாம்.” இருபதைக் கழற்ற அவர் கை நீள்கிறது. அவள் அந்தத் தட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைக்கிறாள். சிவந்த கண்கள் அவரை விட்டு நகரவில்லை. “இது இருக்கட்டும். அந்தப் பக்கம் ஒரு அஞ்சு கிலோ சேர்த்துப் போடுங்க. சத்தம் வராம மாட்டுங்க மாஸ்டர், முழிச்சான்னா அவனையும் சேர்த்துத்தான் தூக்குவேன்.”