இருபது எழுத்துப் பாஸ்வேட்

“ஆருக்குக் குடுத்தனீர்? அதை மட்டும் சொல்லும், பிள்ளை!”

“ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, ஐயா. எத்தினை தரம் சொல்லுறது?”

கரம்பொன்னில் எங்கள் பனை உற்பத்தியாளர் சங்க வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தலைவர் பரராசசிங்கத்தின் அதட்டலும் எழுதுவினைஞர் மீனலோசனியின் அழுகையும் கேட்டன. வாசல் நிழலில் பஸ்ஸுக்கு நின்ற சனம் போனும் கையுமாகக் குனிந்து நின்றது. ஒருவர் மட்டும் நிமிர்ந்து, “சங்கம் நல்ல சேவை செய்யுது, அண்ணை” என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

நான்தான் செயலாளர். மூன்று கிழமை யூடியூப் பார்த்து வி.பி.என். றவுட்டர் பூட்டிய பொறியியலாளரும் நானே. இங்கே ஒன்று, நெடுந்தீவுக் கிளையில் ஒன்று. நடுவில் வெளியார் நுழைய முடியாத தனிப்பாதை, பனங்கட்டி ஓடரெல்லாம் அதற்குள்ளால் பத்திரமாக வரும் என்று திறப்புவிழாவில் இருபது நிமிடம் பேசினேன். சனம் கைதட்டியது. முடித்ததற்காகத்தான் தட்டியது என்று இப்போது விளங்குகிறது.

றவுட்டர்களை அன்பளிப்புச் செய்தவர் சுவிஸில் இருக்கும் தயாபரன். தகப்பன் வைத்திலிங்கத்தின் பெயரில் வாசலில் ஞாபகார்த்தக் கல் வைக்கவேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. றவுட்டர் உள்ளங்கையளவு, கல் கதவளவு. வாசகத்தை நானே எழுதினேன். கல் வெட்டிய யாக்கோப்பு, கொடுத்ததில் ஒரு புள்ளியும் மாற்றாத மனிதர்.

எங்கள் ஊரில் கல்லை ஒருவரும் வாசிப்பதில்லை. கதிரை, மின்விசிறி, தண்ணீர்த்தாங்கி எல்லாமே ஆரோ ஒருவரின் ஞாபகார்த்தம்தான்.

விழா முடிந்து எட்டாம் நாளே மாதத்து டேட்டா முழுக்கத் தீர்ந்தது. றவுட்டருக்குள் எட்டிப் பார்த்தால் முன்பின் தெரியாத முப்பத்திரண்டு போன்கள் அதன் வைஃபையில் தொற்றிக்கொண்டு இருந்தன. நெடுந்தீவு ஓடர் ஒன்றும் வந்து சேரவில்லை. பாஸ்வேட் தெரிந்தவர்கள் நானும் மீனலோசனியும் மட்டும். நான் இல்லையென்றால் அவள்தானே? அப்படித்தான் தலைவரிடம் சொல்லிவைத்தேன்.

“அண்ணை, அது இருபது எழுத்து. எனக்கே இன்னும் பாடமில்லை. நான் எப்பிடி மற்றவைக்குச் சொல்லுறது?”

“அப்ப நானோ சொன்னனான்?”

“நீங்கள் எங்கையும் எழுதி வைச்சனீங்களோ?”

“ஒரேயொரு கடதாசியிலை. அதுவும் திரும்பிக் கைக்கு வந்த உடனை எரிச்சுப்போட்டன். பாதுகாப்பெண்டால் அப்பிடி இருக்கவேணும், பிள்ளை.”

தலைவர் மேசையில் தட்டினார். “விலகல் கடிதத்தை எழுதி வைச்சிட்டுப் போம்.”

அடுத்த மாதம் அவளுக்கு நிரந்தர நியமனம் கிடைக்க இருந்தது. மூன்று வரியில் எழுதி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டாள். எனக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. என்றாலும் பாதுகாப்பு பாதுகாப்புத்தானே?

ஐந்து நிமிடம் ஆகவில்லை. செருப்போடேயே திரும்பி உள்ளே வந்தாள். அழுகையைக் காணவில்லை.

“அண்ணை, வாசல் கல்லை வாசிச்சனீங்களோ?”

“நான் எழுதினதை நானே ஏன் வாசிக்கவேணும்?”

“ஒருக்கா வாங்கோ. ஐயா, நீங்களும் வாங்கோ.”

பஸ்ஸுக்கு நின்ற சனம் மரியாதையாக விலகி வழிவிட்டது. வைத்திலிங்கத்தின் பெயர், பிறப்பு, இறப்பு, ‘இந்த இணைய றவுட்டர் அன்னாரின் ஞாபகார்த்தமாக’, மகனின் பெயர். அதற்கும் கீழே, தங்க நிறத்தில், ஆங்கில எழுத்தும் இலக்கமும் நட்சத்திரக் குறியும் கலந்த நீளமான ஒரு வரி. எண்ணிப் பார்த்தேன். இருபது.

“கல்லுக்கும் அதே கடதாசியையோ குடுத்தனீங்கள், அண்ணை?”

தலைவர் உள்ளே போய் அவளுடைய கடிதத்தைக் கிழித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். கெஞ்சித்தான் தப்பினேன். பாஸ்வேட்டை மீனலோசனி மாற்றிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

இப்போது ஒரு சிக்கல். தயாபரன் அடுத்த மாதம் கல்லைப் பார்க்க வருகிறார். அந்த இருபது எழுத்தும் தகப்பன் படித்து வாங்கின பட்டம் எண்டு சொன்னால் நம்புவாரோ? தெரிஞ்ச ஆக்கள் கீழை பதில் போடுங்கோ.